பெரிய எண், பகா எண்தானா? ஒரு பழைய கேள்விக்கு வந்த விடைகள்

7 பகா எண். 91 பகா எண்ணைப் போலத் தோன்றினாலும் இல்லை. 7-ஐயும் 13-ஐயும் பெருக்கினால் வந்துவிடும். சின்ன எண்களில் இந்தக் கேள்வி பள்ளிக்கூடக் கணக்கு, அவ்வளவுதான். இலக்கங்கள் நூறைத் தாண்டியதும் அதே கேள்வி வேறு முகம் காட்டுகிறது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். ஆனால் எந்த விடை சரி என்று நமக்கு எப்படித் தெரியவரும்? தெரிந்துவிட்டது என்று சொல்ல எவ்வளவு ஆதாரம் வேண்டும்? இங்கேதான் கணிதக்காரர்களும் கணினிக்காரர்களும் பல காலமாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

2024 அக்டோபரில் ஒரு பகா எண் அறிவிக்கப்பட்டது. அதுவரை தெரிந்தவற்றில் அதுவே மிகப் பெரியது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் 1-ஐக் கழித்தால் அந்த எண். அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். அதே கணினியிடம், அதில் நானூறில் ஒரு பங்கு நீளமே உள்ள வேறொரு சாதாரண எண்ணைக் கொடுத்து, இது பகா எண் என்று ஐயமற நிறுவு என்றால் திணறிப்போகும். இந்த முரணுக்குக் காரணம் உண்டு. கேள்விக்கு வந்த ஒவ்வொரு விடையும் கேள்வியைத் தனக்கேற்றபடி கொஞ்சம் வளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. சில விடைகள் குறிப்பிட்ட வடிவ எண்களுக்கு மட்டும் செல்லும். சில "ஏறக்குறைய நிச்சயம்" என்பதோடு நின்றுவிடும். எல்லா எண்ணுக்கும் செல்லும், கோட்பாட்டளவில் விரைவும் கொண்ட முழு விடை 2002இல் வந்தது. அதைக் கையில் எடுத்து அன்றாடம் பயன்படுத்துவோர் அரிது.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. பெரும்பங்கு என்று பெருமை பேசுவதற்கில்லை. ஆனால் துறைமுகத்து எழுத்தர் மேசை தொடங்கி மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறை அடுத்த தரமணி வரை இந்தக் கேள்வியின் கிளைகள் நீண்டிருக்கின்றன.

வகுத்துப் பார்ப்பதும் வில்சன் தேற்றமும்

மிகப் பழைய விடை, வகுத்துப் பார் என்பது. எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்து, எதிலும் மீதியின்றி வகுபடாவிட்டால் அது பகா எண். தவறவே தவறாது. குறை, நேரம் ஒன்றுதான். இன்றைய இணையப் பாதுகாப்பில் புழங்கும் பகா எண்கள் பலவற்றுக்குச் சுமார் 309 இலக்கங்கள். அப்படி ஒன்றைச் சோதிக்க 155 இலக்க எண்கள் வரை வகுத்துக்கொண்டே போகவேண்டும். நொடிக்கு ஒரு இலட்சம் கோடி வகுத்தல் செய்யும் இயந்திரத்துக்கும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வில்சன் பெயரால் வழங்கத் தொடங்கிய தேற்றம் இன்னும் நேர்த்தியானது. ஓர் எண்ணுக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் பெருக்கி 1-ஐக் கூட்டு. அது அந்த எண்ணால் வகுபட்டால் பகா எண், வகுபடாவிட்டால் பகு எண். 5-க்கு: 1 × 2 × 3 × 4 = 24, ஒன்று கூட்டினால் 25, ஐந்தால் வகுபடும். 6-க்கு 121 வருகிறது, வகுபடாது. விதிவிலக்கே இல்லாத அளவுகோல். ஆனால் அந்தப் பெருக்கலைச் செய்து முடிப்பது வகுத்துப் பார்ப்பதைவிடவும் நீளும். போதிய வேகம் தரும் குறுக்குவழி எதுவும் தெரியவில்லை. அழகுக்கும் பயனுக்கும் இவ்வளவு தூரம் இருப்பது எண் கணிதத்தில் புதிதில்லை.

இந்தத் தேற்றத்தின் ஓரத்தில் நின்று ஒரு நல்ல கேள்வி கேட்டவர் எஸ். எஸ். பிள்ளை. செங்கோட்டைப் பக்கம் 1901இல் பிறந்து, சென்னையில் கே. ஆனந்த ராவிடம் ஆய்வு பயின்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1 முதல் ஏதேனும் ஓர் எண் வரை பெருக்கி 1-ஐக் கூட்டுகிறோம். அதை ஒரு பகா எண் வகுக்கிறது. அப்படியானால் அந்தப் பகா எண்ணை நாம் எடுத்த எண்ணால் வகுக்க மீதி 1 தான் வரவேண்டுமா? சிறிய எடுத்துக்காட்டுகள் ஆமென்று நம்பவைக்கின்றன. 14 அதைக் குலைக்கிறது: 1 முதல் 14 வரை பெருக்கி 1-ஐக் கூட்டினால் 23-ஆல் வகுபடும், 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. இப்படி விதி மீறும் பகா எண்களுக்கு இன்று பிள்ளைப் பகா எண்கள் என்றே பெயர். அவை முடிவில்லாதவை என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. பிள்ளை 1950 ஆகஸ்டில், அமெரிக்காவில் நடக்கவிருந்த அனைத்துலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார்.

இருக்கிறது என்பது வேறு, இதுதான் என்பது வேறு

பெரிய பகா எண்கள் இருக்கின்றனவா என்பதில் யூக்ளிடுக்குப் பிறகு யாருக்கும் ஐயமில்லை. எங்கே, எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே அடுத்த கேள்வி. 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் இராமானுஜன், கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் இதைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதற்குத் திட்டமான கோவை எதுவும் இல்லை என்று ஹார்டி ஒரு நூலில் எழுதியிருந்தார். தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றார் இராமானுஜன். அந்தக் கோவை நெருங்கி வந்தது, ஆனால் அவர் நினைத்த அளவுக்குத் துல்லியம் அதற்கில்லை. ரீமானின் சார்பு சிக்கலெண்களில் சுழியாகும் இடங்கள் பகா எண்களின் எண்ணிக்கையை ஆட்டிவைப்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. இராமானுஜன் சறுக்கிய இடங்களை மூடி மறைத்து எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தேவையில்லாதது, மேற்கே பலர் பல்லாண்டு உழைத்து எட்டிய இடத்தின் வாசல் வரை அவர் தனியாக வந்தார் என்பதே போதிய வியப்பு.

நிலைத்து நின்ற பங்களிப்பு 1919இல் வந்தது. இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், இரண்டே பக்கத்தில், எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே பகா எண் ஒன்றாவது உண்டு என்ற பெர்ட்ராண்டின் கூற்றுக்குப் புதிய நிரூபணம் தந்தார். செபிஷேவ் முன்பே நிறுவியதுதான். இராமானுஜன் அதோடு நிற்காமல், ஒன்று மட்டுமில்லை, வேண்டிய எண்ணிக்கை கிடைக்கும், எங்கிருந்து கிடைக்கும் என்பதையும் சொன்னார். 11 முதற்கொண்டு எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல் அந்த எண் வரையில் குறைந்தது 2 பகா எண்கள். 17 முதல் 3. 29 முதல் 4. 41 முதல் 5. இந்த எல்லை எண்களே இன்று இராமானுஜன் பகா எண்கள் எனப்படுகின்றன.

பகா எண்கள் போகப்போக எப்படி அருகுகின்றன என்று சொல்லும் பகா எண் தேற்றம் அடர்த்தியையே தருகிறது. 309 இலக்கப் பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்தால், அது பகா எண்ணாக இருக்க ஏறத்தாழ 710-இல் ஒரு வாய்ப்பு. தேடுகிறவருக்கு இது நல்ல செய்தி. 4 கோடி இலக்கத்துக்குப் போனால் வாய்ப்பு ஒன்பதரைக் கோடியில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நூறு சாக்குப் பையில் ஓர் அரிசியைத் தேடுவதுபோல என்று விட்டுவிடலாம். ஆனால் சிக்கல் தேடுவதில் மட்டும் இல்லை. கையில் எடுத்தது அந்த அரிசிதானா என்று பார்ப்பதற்கே ஒரு வழி வேண்டும். இராமானுஜனின் தேற்றம் அதைத் தராது.

வடிவத்தின் தயவு

முதல் பெரிய வெற்றி, எல்லா எண்ணையும் விட்டுவிட்டு ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டதில் கிடைத்தது. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள்: 3, 7, 31, 127. அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் எண்ணும் பகா எண்ணாக முடியும். இருந்தாலும் ஆகிவிடும் என்ற உறுதி இல்லை. 2¹¹ − 1 என்பது 2047. அது 23 × 89. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல், 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-உம் 257-உம் தவறு; 61, 89, 107 விடுபட்டவை. பட்டியலைச் சரிபார்த்து முடிக்க முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

1876இல் லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அவர் வழியை 1930களில் லேமர் செம்மைப்படுத்தினார். காகிதத்திலேயே செய்து பார்க்கக்கூடியது. 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அடுக்கில் இரண்டு குறைவான முறை இப்படிச் செய். கடைசியில் மீதி சுழி என்றால் பகா எண். 127-ஐ எடுப்போம்; அதன் அடுக்கு 7, ஆக ஐந்து படி. 4 வர்க்கம் 16, இரண்டு போக 14. 14 வர்க்கம் 196, இரண்டு போக 194, மீதி 67. 67-இலிருந்து 42. 42-இலிருந்து 111. 111-இன் வர்க்கம் 12,321. இரண்டு போக 12,319. அது 127 × 97. மீதி சுழி. 127 பகா எண். எந்த எண்ணாலும் வகுத்துக் காரணி தேடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2024இன் எண்ணையும் உறுதிசெய்தது இதே சோதனைதான். ஐந்து படிக்குப் பதில் பதின்மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட படிகள், ஒவ்வொன்றிலும் நான்கு கோடி இலக்க எண்ணின் வர்க்கம். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய 'ஜிம்ப்ஸ்' என்ற கூட்டுத் திட்டத்தில், அமெரிக்காவின் லூக் டியூரண்ட் பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த வரைகலைச் செயலிகளை ஓடவிட்டார். டப்ளினில் ஒரு செயலி முதலில் தடயம் காட்டியது; மறுநாள் டெக்சாஸில் இன்னொன்று லூக்கா–லேமர் சோதனையால் உறுதிசெய்தது. அதற்கு முந்தைய சாதனை எண்ணுக்கு 2,48,62,048 இலக்கங்கள். அது 2018இல் கிடைத்தது.

இந்த விடையின் பலவீனம் அதன் பலத்திலேயே இருக்கிறது. எண்ணோடு 1-ஐக் கூட்டினால் வெறும் இரண்டுகளின் பெருக்கம் வருகிறதல்லவா, அந்த எளிய அமைப்பே சோதனையைச் சாத்தியமாக்குகிறது. மெர்சென் எண்ணில் கடைசி இலக்கத்துக்கு முந்தைய இலக்கம் ஒன்றை மாற்றிவிட்டால் சோதனை பயனற்றுப் போகும். ஆகவே "நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்" என்ற சொற்றொடரைச் சற்று நிதானித்தே படிக்க வேண்டும். அது நம் சோதனைகளின் பொதுவான எல்லையைக் காட்டுவதில்லை; வாய்த்த வடிவத்தின் எல்லையைக் காட்டுகிறது.

பொய் சொல்லும் எண்கள்

எந்த எண்ணுக்கும் பொருந்தும் விரைவுச் சோதனைக்கு விதை பெர்மா 1640இல் போட்டது. ஒரு பகா எண்ணை எடுத்து, அதில் ஒன்று குறைத்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 (2 என்ற பகா எண் மட்டும் விலக்கு). மீதி 1 வராவிட்டால் பகு எண் என்பது உறுதி. வந்தால்? அங்கேதான் வம்பு. 341 என்பது 11 × 31. ஆனாலும் 2-ஐ வைத்துச் சோதித்தால் பகா எண்ணைப் போலவே நடிக்கும். 3-ஐ வைத்துச் சோதித்தால் வேடம் கலையும்.

561 இன்னும் கெட்டிக்காரன். 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கமான இந்த எண், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பிடிபடாது. 560-ஐ 2, 10, 16 மூன்றும் வகுப்பதுதான் அதன் இரகசியம். இவை கார்மைக்கேல் எண்கள். முடிவில்லாமல் இருக்கின்றன என்பதை ஆல்ஃபர்ட், கிரான்வில், பாமரன்ஸ் மூவரும் 1994இல் நிறுவினார்கள்.

அடுத்த கேள்வி, அவை எவ்வளவு அரிது என்பது. தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் ஆர். பாலசுப்பிரமணியனும் எஸ். வி. நாகராஜும் மூன்று பகாக் காரணி கொண்ட கார்மைக்கேல் எண்களை எடுத்துக்கொண்டு, ஓர் எல்லைக்குள் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ அந்த எல்லையின் 5/14 அடுக்குக்கு மேல் போகாது என்று காட்டினார்கள். 1997இல் வெளியானது. பத்தாண்டு கழித்து ஹீத்–பிரவுன் அதை 7/20 ஆக்கினார். 0.357 போய் 0.35. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கஞ்சத்தனமான முன்னேற்றம். இந்தத் துறையில் முன்னேற்றம் இப்படித்தான் வரும். ஹீத்–பிரவுனின் கட்டுரை வெளியான 'ஹார்டி–இராமானுஜன் ஜர்னல்' 1978இல் கே. இராமச்சந்திராவும் பாலசுப்பிரமணியனும் தொடங்கியது என்பது கூடுதல் செய்தி.

போதுமான நம்பிக்கை

1970களின் இறுதியில் சிந்தனை திசை மாறியது. பொய் சொல்லும் எண் இருந்துவிட்டுப் போகட்டும், பொய்யைப் பிடிக்காமல் விடும் வாய்ப்பை வேண்டிய அளவு குறைத்துவிட்டால் என்ன? சோலவே–ஸ்ட்ராசன் 1977இல் ஒரு வழி தந்தார்கள். மில்லர் 1976இல் கண்டதை ராபின் 1980இல் நிகழ்தகவுச் சோதனையாக மாற்றினார். எந்தப் பகு எண்ணாக இருந்தாலும், தற்செயலாக ஓர் எண்ணைத் தேர்ந்து செய்யும் ஒரு சுற்றில் அது தப்பும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் இல்லை. நாற்பது சுற்று ஓட்டினால் அந்த வாய்ப்பு இருபத்தைந்து இலக்க எண்ணில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

நடைமுறை உலகம் இந்த விடையோடு சமாதானமாகிவிட்டது. பாண்டிபஜார் கடையில் கைபேசியில் பணம் செலுத்துகிறோம். மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். இத்தகைய இணைப்புகளின் பாதுகாப்பில் பகா எண்கள் இருக்கின்றன. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் சாவி என்றால் இரண்டு 309 இலக்கப் பகா எண்களின் பெருக்கம். அவை பகா எண்கள் என்பதற்கு வழக்கமாகக் கிடைப்பது நிகழ்தகவு உறுதி மட்டுமே. நீள்வட்ட வளைவு முறை என்றால் ஒரே பகா எண்ணை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். பரவலாகப் புழங்குவது 2²⁵⁵ − 19. அதற்கு 77 இலக்கம்தான், முறையான நிரூபணமும் உண்டு.

கணிதக்காரரின் மறுப்பு எதிர்பார்க்கக்கூடியதே: வாய்ப்பு எவ்வளவு சிறிதானாலும் அது நிரூபணம் ஆகாது. பொறியாளரின் பதில், கணினியின் நினைவகத்தில் ஒரு துணுக்கு தானாகப் பிறழும் வாய்ப்பு இதைவிட அதிகம் என்பது. இந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் இன்னொரு மறுப்பை அது எதிர்கொள்வதில்லை: எண்ணைக் கொடுப்பவர் எதிரியாக இருந்தால்? சோதனைக்கான எண்கள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஏமாற்ற முடியும். ஆர்னோ 1995இல், 307-க்குக் கீழுள்ள எல்லாப் பகா எண்களையும் வைத்துச் சோதித்தாலும் தப்பிவிடும் 397 இலக்கப் பகு எண் ஒன்றைச் செய்து காட்டினார். 2018இல் ஆல்பிரெக்ட் முதலான நால்வர், புழக்கத்தில் இருந்த பல மென்பொருள் நூலகங்கள் இத்தகைய எண்களிடம் ஏமாறுவதைக் காட்டினார்கள். தற்செயல் உண்மையிலேயே தற்செயலாக இருக்கும்வரைதான் அந்த நான்கில் ஒன்று செல்லும்.

மில்லரின் பழைய வடிவத்துக்கு இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் உண்மையென்றால் தற்செயலே தேவையில்லை. குறிப்பிட்ட எல்லை வரை சோதித்தால் முடிவு உறுதி. கருதுகோள்தான் இன்னும் நிறுவப்படவில்லை.

சான்றோடு வரும் விடை

மூன்றாவது ஒரு தரப்பு, விடையோடு கூடவே சரிபார்க்கத்தக்க சான்றும் வரவேண்டும் என்றது. பிராட் 1975இல், எந்தப் பகா எண்ணுக்கும் சுருக்கமான சான்று உண்டு என்று காட்டினார். ஆனால் சான்றைத் தயாரிக்க, எண்ணில் ஒன்று குறைத்து அதைக் காரணிப்படுத்த வேண்டும். அது பெரும்பாலும் முதல் கேள்வியைவிடக் கடினம். நீள்வட்ட வளைவுகளைக் கொண்டு கோல்ட்வாசரும் கிலியனும் 1986இல் காட்டிய திசையை ஆட்கின், மொரேன் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண எண்ணுக்கு உண்மையான நிரூபணம் வேண்டுமென்றால் இன்றும் நாடப்படுவது அந்த வழி. 2023இல் எங்கே என்ற கணிதக்காரர் 86,453 இலக்கமும் 1-ஆகவே உள்ள எண்ணை இவ்வழியில் பகா எண் என நிறுவினார். அது பகா எண்ணாக இருக்கலாம் என்ற தடயம் 2000இலேயே கிடைத்திருந்தது. இந்த வழியில் எட்டிய உயரம் இலட்சம் இலக்கத்தை ஒட்டியே நிற்கிறது. மெர்சென் வடிவத்தின் நான்கு கோடிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், வடிவம் எவ்வளவு சலுகை தருகிறது என்பது புரியும்.

கான்பூர், 2002

எந்த எண்ணுக்கும் செல்லும், தற்செயல் கலவாத, நிறுவப்படாத கருதுகோள் எதையும் சாராத, இலக்க எண்ணிக்கையின் ஏதேனும் ஒரு நிலையான அடுக்குக்குள் முடிந்துவிடும் சோதனை இருக்கிறதா? இருக்கிறது என்று 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா அறிவித்தார்கள். பின்னிருவரும் அப்போதுதான் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள். கட்டுரை ஒன்பது பக்கம். 2004இல் 'ஆனல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ்' வெளியிட்டது. 2006இல் கோடல் பரிசு கிடைத்தது.

அகர்வால் 1993 முதல் 1995 வரை சென்னையில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியில் இருந்தார். சி. எஸ். சேஷாத்திரி 1989இல் தொடங்கி, தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் அலுவலகக் கட்டடம் ஒன்றில் நடத்திய அந்தப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம். அதை வைத்து இந்தத் தேற்றத்துக்குச் சென்னை உரிமை கொண்டாட முடியாது. அது கான்பூரில் பிறந்தது. கணிதத்தையும் கணினியியல் கோட்பாட்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அந்தச் சின்ன நிறுவனம் இத்தகைய ஆய்வாளரை ஈர்த்தது என்பதுவரை சொல்லலாம்.

கருத்தின் வேர் பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது. 5-ஆம் வரிசை: 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து ஒன்றுகளை விட்டால் எல்லாம் ஐந்தால் வகுபடும். 6-ஆம் வரிசை: 1, 6, 15, 20, 15, 6, 1. 15-உம் 20-உம் ஆறால் வகுபடா. பகா எண் வரிசையில் உள்ளெண்கள் அனைத்தும் வகுபடும்; பகு எண் வரிசையில் ஒன்றாவது வகுபடாது. விதிவிலக்கே கிடையாது. ஆனால் 309 இலக்க எண்ணின் வரிசையில் உறுப்புகளும் அத்தனை. வில்சன் தேற்றத்தின் கதைதான். அகர்வாலும் சோமநாத் பிஸ்வாஸும் 1999இல் இதே பண்பை மாறி ஒன்றைக் கொண்ட முற்றொருமையாக எழுதித் தற்செயலின் துணையோடு சோதித்தார்கள். 2002இன் புதுமை, மாறியின் அடுக்குகளை ஒரு சிறிய எண்ணுக்குப் பிறகு மீண்டும் தொடக்கத்துக்கே சுற்றிவரச் செய்தது. நீண்ட வரிசை குட்டையாகிவிடும்; ஒரு சில எண்களுக்கு மட்டும் சோதித்தால் போதும், பகு எண் தப்பாது என்று நிறுவினார்கள். கணக்கு இலக்க எண்ணிக்கையின் 10.5 அடுக்கை ஒட்டி முடியும் என்றது வெளியான கட்டுரை. லென்ஸ்ட்ராவும் பாமரன்ஸும் பிறகு வழியைத் திருத்தி அதை 6 ஆக்கினார்கள்.

விமர்சனம் உடனே வந்தது, அது சரியும்கூட: நடைமுறையில் மெதுவானது. வங்கிகள் மில்லர்–ராபினை விடவில்லை, நிரூபணம் வேண்டுவோர் நீள்வட்ட வளைவை விடவில்லை. ஆனால் இதை வைத்துத் தேற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவது எதற்கு விடை தேடினார்கள் என்பதை மறப்பதாகும். தற்செயல் இல்லாமல் இதைச் செய்ய இயலுமா என்பது கோட்பாட்டுக் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது.

பகு எண் என்று தெரிந்த பிறகு

லூக்கா 1876இலேயே 2⁶⁷ − 1 பகு எண் என்று காட்டிவிட்டார்; காரணி ஒன்றும் அவரிடம் இல்லை. 1903இல் கோல் என்பவர்தான் காரணிகளைக் கண்டார்: 19,37,07,721 ஒன்று, 7,61,83,82,57,287 மற்றொன்று. பகு எண் என்று அறிவதும் பகுத்துக் காட்டுவதும் இவ்வளவு விலகி நிற்பதால்தான் ஆர்எஸ்ஏ முறையே நிற்கிறது.

இந்தப் பக்கத்தில் மயிலாப்பூருக்கு ஒரு தொடர்பு. அல்லாடி இராமகிருஷ்ணன் தம் வீடான ஏகாம்ர நிவாஸில் நடத்திய கருத்தரங்குதான் 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது. அவர் மகன் கிருஷ்ணசுவாமி அல்லாடி விவேகானந்தா கல்லூரி மாணவராக இருந்தபோது எண்களின் பகாக் காரணிகளின் கூட்டுத்தொகையை ஆராய்ந்து கணிதக்காரர் எர்டிஷுக்கு எழுதினார். எர்டிஷ் 1975இல் பயண வழியை மாற்றிக்கொண்டு சென்னைக்கு வந்து அவரைச் சந்தித்தார். 1977இல் இருவர் பெயரிலும் வந்த கட்டுரையின் முடிவு, எண்களின் பகாக் காரணிகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால் அந்தத் தொகையை ஒவ்வோர் எண்ணின் மிகப் பெரிய காரணியே ஏறக்குறைய முழுதும் நிரப்பிவிடுகிறது என்பது. காரணிப்படுத்தலின் கடினம் பெரும்பாலும் பெரிய காரணிகளைச் சார்ந்தது என்பதை நினைத்தால், இது வெறும் அழகுத் தேற்றம் இல்லை.

சாதனை எண்களால் என்ன பயன்?

நான்கு கோடி இலக்கப் பகா எண் எந்தப் பூட்டுக்கும் சாவியாகாது. அவ்வளவு பெரியது தேவையும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த எண் இரகசியமும் ஆகாது. வெறும் சேகரிப்பு ஆசை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. பக்கவிளைவுகளைக் காட்டி ஆதரிப்போரும் உண்டு: ஜிம்ப்ஸ் மென்பொருள் 2016இல் இன்டெல் செயலி ஒன்றின் பிழையை வெளிக்கொணர்ந்தது; 1994இல் பென்டியம் வகுத்தல் பிழையைத் தாமஸ் நைஸ்லி கண்டதும் இரட்டைப் பகா எண் கணக்கில்தான். பக்கவிளைவு வாதம் வலுவானதாக எனக்குப் படவில்லை. பிழை தேட வேறு வழிகளும் உண்டு. இதைவிடக் கனமான பயன், நீண்ட கணக்கை நம்புவது எப்படி என்ற கேள்வியில் கிடைத்தது. பதின்மூன்று கோடிப் படியில் ஒன்று பிசகினாலும் முடிவு குப்பை. கெர்பிச் 2017இல் கண்ட பிழைச் சோதனையும், பியட்சாக்கின் கருத்தை வைத்து 2020இல் ஜிம்ப்ஸ் ஏற்ற சான்று முறையும், ஒருவர் செய்த கணக்கை மற்றவர் மிகச் சிறிய செலவில் சரிபார்க்க வழிசெய்தன.

தீராதவை

சோதிக்கும் கேள்வி கோட்பாட்டளவில் தீர்ந்தது. அதை வேகப்படுத்தும் கேள்வி தீரவில்லை. அகர்வாலும் மாணவர்களும் முன்வைத்த ஒரு யூகம் மெய்யானால் 6 என்ற அடுக்கு 3-க்கு இறங்கும். அது பொய்யாகவே இருக்கக்கூடும் என்று லென்ஸ்ட்ராவும் பாமரன்ஸும் காரணம் காட்டியிருக்கிறார்கள். இதற்குப் பக்கத்தில் இன்னொரு விந்தை. 1980இல் வந்த பெய்லி முதலானோரின் கூட்டுச் சோதனையை ஏமாற்றும் பகு எண் ஒன்றுகூட இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. 2⁶⁴ வரை நிச்சயமாக இல்லை. முடிவில்லாமல் இருக்கவேண்டும் என்பது பாமரன்ஸின் மதிப்பீடு. இருக்கவேண்டியது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு, அவை நம் கணினிகள் எட்டாத உயரத்தில் இருக்கலாம் என்பதைத் தவிர வேறு பதிலில்லை.

கண்டுபிடிக்கும் கேள்வி இன்னும் பின்தங்கியிருக்கிறது. நூறு இலக்கமோ ஆயிரம் இலக்கமோ, கேட்ட நீளத்தில் ஒரு பகா எண்ணைத் தற்செயலின் துணையின்றி விரைவாக எழுதிக் காட்டும் வழி எல்லா நீளத்துக்கும் உண்டு என்று யாரும் நிறுவவில்லை. வரிசையாகச் சோதித்துப் போனால் நடைமுறையில் சீக்கிரம் அகப்படும். ஆனால் அடுத்தடுத்த பகா எண்களின் இடைவெளி எப்போதும் சிறிதாகவே இருக்கும் என்பதற்கான நிரூபணம் கைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. இராமானுஜன் செப்பனிட்ட பெர்ட்ராண்டின் இடைவெளி இங்கே உதவாத அளவு அகலமானது. 2023இல் சென், லூ, ஒலிவேரா, ரென், சந்தானம் ஐவரும், தற்செயலைப் பயன்படுத்தினாலும் பெரும்பாலும் ஒரே பகா எண்ணைத் திரும்பத் திரும்பத் தரும் வழி ஒன்றை முடிவில்லாத பல நீளங்களுக்கு அமைத்தார்கள். எல்லா நீளத்துக்கும் இல்லை.

மெர்சென் எண்களைப் பற்றிய அடிப்படைக் கேள்வியும் அப்படியே கிடக்கிறது. லென்ஸ்ட்ரா, பாமரன்ஸ், வாக்ஸ்டாஃப் ஆகியோரின் மதிப்பீட்டின்படி 13,62,79,841 வரையிலான அடுக்குகளில் ஏறத்தாழ 48 மெர்சென் பகா எண்கள் இருக்கவேண்டும், கண்டவை 52. மதிப்பீடு தவறு என்று சொல்ல இந்த வேறுபாடு போதாது, சரி என்று சொல்லவும் போதாது. அவை முடிவில்லாதவை என்று நம்புவோர் பெரும்பான்மை, நிரூபணம் இல்லை. பகா எண்ணை அடுக்காகக் கொண்டும் பகு எண்ணாகிவிடும் மெர்சென் எண்கள், 2047-ஐப் போல, எங்கு பார்த்தாலும் தட்டுப்படுகின்றன. கண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அவைதாம். அவை முடிவில்லாதவை என்பதையும் இன்றுவரை ஒருவரும் நிறுவியதில்லை.